பழைய அமிகாவுக்குப் புது மவுஸ்: வன்னியில் எந்த வழி கைகொடுக்கும்?

அமிகா 500 கணினி 1987இல் சந்தைக்கு வந்தது. அதைச் செய்த கொமடோர் நிறுவனம் 1994 ஏப்ரலில் வங்குரோத்தானது. அதற்குரிய மவுஸைக் கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் காலம் போய் முப்பது வருடம் கடந்துவிட்டது. ஆனால் அந்தக் கணினிகளில் பல இன்னும் ஓடுகின்றன. ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் ஏராளமாக விற்ற இயந்திரம் அது. அங்கே குடியேறிய எங்கள் ஆட்கள் ஊருக்குக் கப்பலில் பெட்டி போடும்போது, உடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே இப்படியொன்றும் வந்து சேர்வதுண்டு.

விசுவமடுப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்துக்கு அப்படி ஒரு அமிகா 500 வந்திருக்கிறது. மின்வழங்கி நன்றாக இருக்கிறது. டிஸ்க்குகள் பெரும்பாலும் வாசிக்கின்றன. மவுஸும் வந்தது, ஆனால் அதன் வயர் நைந்து, உள்ளே உருளைகள் இறுகிப் போயிருந்தன. பின்னேரங்களில் வாசிகசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கு டீலக்ஸ் பெயின்டில் படம் கீறக் கொடுக்க வேண்டும் என்பது நிர்வாக சபையின் ஆசை. நல்ல ஆசை. 32 நிறங்களும் ஒரு வெற்றுத் திரையும் மட்டும் கொண்ட அந்த மென்பொருளில் பிள்ளை கீறத் தொடங்கினால், விளம்பரம் குறுக்கிடாது, இணையம் இழுக்காது. ஆனால் மவுஸ் இல்லாமல் அதில் ஒரு வளைகோடுகூட ஒழுங்காக வராது. என்ன செய்யலாம் என்று சபையினர் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்படி விரித்து எழுதுகிறேன்.

எந்த வழியையும் நான் ஒரே அளவுகோலால்தான் பார்த்தேன்: இரண்டாம் முறை பழுதானால் யார் திருத்துவார்கள்? மவுஸ் என்பது தேய்கிற பொருள். பல பிள்ளைகளின் கை படும் மவுஸ் இன்னும் வேகமாகத் தேயும். ஏ-35 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் கிரவல் ஒழுங்கைகள். கோடையில் புழுதி, ஐப்பசி கார்த்திகையில் ஈரம். லண்டனில் ஒருவர் தன் அறைக்குள் வைத்திருக்கும் கணினிக்குச் சரியான தெரிவு இங்கேயும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஒன்பது ஊசிக்குள் நடப்பது

தெரிவுகளுக்குப் போகமுன் அமிகா மவுஸிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இதைத் தெரியாமல் வாங்கினால் பணம் வீண்.

இன்றைய யூ.எஸ்.பி மவுஸ் தான் நகர்ந்த தூரத்தை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்புகிறது. அமிகாவின் மவுஸுக்கு எண்ணத் தெரியாது. உள்ளே பந்து உருளும்போது, கிடை அசைவுக்கு ஒன்றும் மேல்-கீழ் அசைவுக்கு ஒன்றுமாக, பல்பல்லாக வெட்டிய இரண்டு சிறு சக்கரங்கள் சுழல்கின்றன. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பக்கம் அகச்சிவப்பு விளக்கு, மறுபக்கம் ஒளியை உணரும் இரண்டு கண்கள். ஒரு கண் முந்தியும் மற்றது சற்றுப் பிந்தியும் வெளிச்சத்தைக் காணும்படி அவற்றை வைத்திருக்கிறார்கள். எந்தக் கண் முந்துகிறது என்பது திசையைச் சொல்லும்; எத்தனை முறை வெளிச்சம் மாறியது என்பது தூரத்தைச் சொல்லும். கிடையாக அசைவதற்கு இரண்டு வயர், மேலும் கீழுமாக அசைவதற்கு இரண்டு வயர். இந்த நான்கிலும் 5 வோல்ட் ஏறி இறங்குவது மட்டும்தான் மவுஸின் வேலை. எண்ணுவது கணினிக்குள் இருக்கும் டெனிஸ் என்ற சில்லு.

டெனிஸில் இருப்பது 8 பிட் எண்ணி, அதாவது 255 வரை எண்ணிவிட்டு மீண்டும் 0க்கு வருவது. PAL என்ற ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்குச் செய்த அமிகாவில் வினாடிக்கு 50 தடவை மென்பொருள் அதை வாசிக்கிறது. இரண்டு வாசிப்புக்கு இடையில் 127 படிக்கு மேல் எண்ணிக்கை தாவினால், வலது பக்கம் போனதா இடது பக்கம் போனதா என்று கணினிக்குத் தெரியாது. அம்பு எதிர்ப்பக்கம் பாயும். அங்குலத்துக்கு 200 படி அளவில் எண்ணிய பழைய மவுஸில் இந்தச் சிக்கல் வருவது அரிது. அங்குலத்துக்கு 1000 படி எண்ணும் புது மவுஸை இதில் இணைக்கும்போது இந்த எல்லையை யாராவது கவனித்தே ஆக வேண்டும். அடாப்டர்களில் நல்லது எது, கெட்டது எது என்பது பெரும்பாலும் இங்கேதான் பிரிகிறது.

ஊசிகளின் ஒழுங்கு இது: 1 மேல்-கீழ், 2 கிடை, 3 மேல்-கீழின் துணை, 4 கிடையின் துணை, 5 நடுப் பொத்தான், 6 இடது பொத்தான், 7 +5 வோல்ட், 8 தரை (0 வோல்ட் வயர்), 9 வலது பொத்தான்.

மவுஸ் தேடப் புறப்படும் முன் சொக்கெற் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஒன்பது துளைப் பிளக் எடுத்து, 6க்கும் 8க்கும் இடையில் ஒரு சிறு தட்டுச் சுவிட்சை ஈயம் வைத்துப் பிடியுங்கள். கணினியை நிறுத்தியபின் அதைச் செருகி, இயக்கிப் பாருங்கள். சுவிட்சை அழுத்தினால் இடது பொத்தான் அழுத்தியதற்குச் சமம். வெறும் வயரைக் கொண்டு ஊசிகளை நேரே தொட்டுப் பார்க்க வேண்டாம். 7உம் 8உம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கை சறுக்கினால் 5 வோல்ட் நேரே தரையில் விழும். பழைய ஜாய்ஸ்டிக் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. அதை மவுஸ் சொக்கெற்றில் செருகி நான்கு திசையும் அசைத்தால், அம்பு ஒவ்வொரு அசைவுக்கும் சற்றுத் துள்ள வேண்டும். துள்ளினால் நான்கு வயர்களும் சரி.

இன்னொன்று: எந்த மவுஸையும் எந்த அடாப்டரையும் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது செருகவோ கழற்றவோ கூடாது. யூ.எஸ்.பி பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும். இடது பொத்தானின் வயர் நேரே சி.ஐ.ஏ என்ற சில்லுக்குப் போகிறது. அந்தச் சில்லையும் இன்று பெரும்பாலும் பழைய கணினிகளில் இருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

செலவில்லாத வழி

அமிகாவின் விசைப்பலகையிலேயே ஒரு மவுஸ் ஒளிந்திருக்கிறது. அமிகா விசையை அழுத்திக்கொண்டு அம்பு விசைகளைத் தட்டினால், திரையில் அம்பு நகரும். இடது அமிகா விசையோடு இடது ஆல்ட் சேர்ந்தால் இடது பொத்தான். வலது அமிகா விசையோடு வலது ஆல்ட் சேர்ந்தால் வலது பொத்தான். டிஸ்க்கைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, ஒரு கோப்பைப் பிரதி எடுக்க, கணினி வேலை செய்கிறதா என்று அறிய இது தாராளம். படம் கீற இது உதவாது. இயங்குதளத்தைத் தாண்டி வன்பொருளோடு நேரே பேசும் விளையாட்டுகளிலும் உதவாது. பெட்டியில் வந்த கணினியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, பழைய நினைவுகளைத் தேடிப் பிறகு மூடி வைக்கப் போகிறவர் இதற்கு மேல் ஒரு சதமும் செலவழிக்கத் தேவையில்லை.

வந்த மவுஸையே திருத்துவது

உங்களிடம் பழைய மவுஸ் எந்த நிலையில் இருந்தாலும் எறிந்துவிட வேண்டாம். பந்து மவுஸில் பழுதாகும் இடங்கள் சிலவே. வயர் ஓட்டுக்குள் நுழையும் இடத்தில் வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கும். மல்ரிமீற்றரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒவ்வொரு வயராகப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தை மெல்ல வளைத்தால் எது அறுந்தது என்று தெரிந்துவிடும். அந்த இடத்துக்கு அப்பால் வெட்டி மீண்டும் ஈயம் வைத்தால் வயர் இரண்டு விரல் நீளம் குறையும், அவ்வளவுதான்.

உருளைகளில் கறுப்பு வளையமாக அழுக்குப் படிந்திருக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, உருளையை விரலால் சுழற்றிக்கொண்டே துடைத்தால் வளையம் பொடிப்பொடியாக உதிரும். நகத்தால் சுரண்டக் கூடாது. உருளையில் கீறல் விழுந்தால் அந்தக் கீறலில் அழுக்கு இன்னும் இறுகப் பிடிக்கும். பந்தைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடலாம். பொத்தான் சுவிட்ச் செத்திருந்தால், எறிந்த யூ.எஸ்.பி மவுஸ் எதிலும் உள்ள மூன்று கால் சுவிட்சைக் கழற்றிப் பொருத்திப் பார்க்கலாம். கால்களின் இடைவெளியும் உயரமும் பொருந்துகின்றனவா என்று முதலில் ஒப்பிட வேண்டும்.

விசுவமடு மவுஸில் வயரைச் சீராக்க முடிந்தது. உருளைகளும் சுழல்கின்றன. ஆனாலும் அதைப் பிள்ளைகளின் மேசைக்கு நான் சிபாரிசு செய்யவில்லை. பந்து மவுஸ் மேசையில் உள்ள புழுதியை உருட்டி உள்ளே எடுத்துக்கொள்ளும். மாசி தொடங்கிப் புரட்டாதி வரை, கதவும் யன்னலும் திறந்திருக்கும் ஒரு கட்டடத்தில், அதைக் கிழமைக்கு ஒரு தடவை திறந்து துடைக்க வேண்டிவரும். வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்துகிறார், மேசைக்குத் துணி விரிப்பு இருக்கிறது என்றால் இதைவிட நல்ல தெரிவு இல்லை. அந்தக் கணினிக்கென்றே செய்த கனம், அந்தக் கணினிக்கென்றே செய்த வேகம். கையில் பிடித்தவுடன் வித்தியாசம் தெரியும்.

பாவித்த மவுஸ் ஒன்றை ஐரோப்பாவில் இருந்து வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருடப் பழைய பந்து, முப்பது வருடப் பழைய வயர், அதற்கு மேல் அனுப்புக் கூலியும் சுங்கமும். வாங்கினால் அடியில் அமிகா, அற்றாரி என்று மாற்றும் சிறு சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எதிர்காலத்தில் அமிகாவின் காலத்து இன்னொரு கணினியான அற்றாரி எஸ்.ரி வந்தாலும் உதவும்.

நுழையும், ஆனால் ஓடாது

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ பழைய கணினிச் சாமான்கள் குவித்திருக்கும் கடையில் தேடினால், ஒன்பது துளைப் பிளக் கொண்ட மவுஸ் ஒன்று அகப்படலாம். அமிகாவில் அழகாக நுழையும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அது தொண்ணூறுகளின் ஐ.பி.எம் வகைக் கணினிகளுக்கான சீரியல் மவுஸ். பிளக்கின் உருவம் ஒன்று. உள்ளே பேசும் மொழி முற்றாக வேறு. சீரியல் மவுஸ் வினாடிக்கு 1200 பிட் வேகத்தில் மும்மூன்று துண்டுகளாகச் செய்தி அனுப்பும்; மின்சாரத்தையும் சீரியல் வழியின் கட்டுப்பாட்டு வயர்களில் இருந்துதான் எடுக்கும். அமிகாவுக்கு அந்தச் செய்தி விளங்காது. ஊசிகளின் ஒழுங்கும் வேறு என்பதால் பரீட்சித்துப் பார்க்கக்கூடச் செருக வேண்டாம். கடைக்காரர் "தம்பி, ஒன்பது ஊசிதானே, வேலை செய்யும்" என்று நல்லெண்ணத்தோடு சொல்வார். "அண்ணை, இது கொம் போர்ட் மவுஸ்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.

அல்லது வைக்காமல் வாங்குங்கள். ஏனென்றால் அதன் வயிற்றுக்குள் அமிகாவுக்குத் தேவையான பாதி இருக்கிறது.

பந்து மவுஸின் வயிற்றைத் திறந்தால்

சீரியல் மவுஸானாலும், யூ.எஸ்.பிக்கு முந்திய வட்டப் பிளக் கொண்ட பி.எஸ்/2 மவுஸானாலும், பந்து உள்ள எதிலும் அதே பல் சக்கரங்களும் அதே அகச்சிவப்பு விளக்கும் அதே சோடிக் கண்களும் உண்டு. வித்தியாசம், கண்களுக்குப் பிறகு ஒரு சில்லு உட்கார்ந்து எண்ணி, செய்தியாக்கி அனுப்புகிறது. அந்தச் சில்லைக் கழற்றிவிட்டுக் கண்களின் மின்னழுத்தத்தை நேரே வெளியே கொண்டுவந்தால், அமிகாவுக்குத் தேவையான நான்கு சைகைகளும் கிடைக்கும்.

கண்ணில் இருந்து வருவது சுத்தமான 0, 5 வோல்ட் அல்ல. வெளிச்சத்துக்கேற்ப அலையாக ஏறி இறங்கும். அதைச் சதுரமாக வெட்ட எல்.எம்.339 என்ற சில்லு போதும். அதற்குள் நான்கு ஒப்பீட்டிகள் இருக்கின்றன. எங்களுக்குத் தேவை சரியாக நான்கு. ஒவ்வொன்றின் ஒரு காலில் கண்ணின் அழுத்தம், மறு காலில் ஒரு பிரீசெட் (திருப்பிச் சரிசெய்யும் சிறு ரெசிஸ்டர்) வழியாக நாம் வைக்கும் எல்லை. அந்தச் சில்லின் வெளியீடு தானாக 5 வோல்ட்டுக்கு ஏறாது என்பதால் ஒவ்வொரு வெளியீட்டில் இருந்தும் +5க்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும். பிறகு மல்ரிமீற்றரை வெளியீட்டில் வைத்து, பல் சக்கரத்தை நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தள்ளிப் பாருங்கள். மீற்றர் 5, 0, 5, 0 என்று மாறும் வரை பிரீசெட்டைத் திருப்ப வேண்டும். பாதியில் எங்காவது 2, 3 என்று நின்றால் எல்லை சரியில்லை. திரையில் அம்பு நடுங்கும்.

எல்.எம்.339 கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் எந்த இலத்திரனியல் கடையிலும் கிடைக்கும் சாதாரணச் சில்லு. மவுஸைப் பழைய சாமானில் இருந்து எடுத்தால் செலவு மிகக் குறைவு. பந்து மவுஸின் எண்ணிக்கை வீதமும் அமிகாவுக்கு ஏறக்குறையப் பொருந்தும் என்பதால் வேகம் இயல்பாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. பற்றரிக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட ஊர் எங்களுடையது. இருப்பதைப் பிரித்து இல்லாததைச் செய்யும் கை இன்னும் இங்கே இருக்கிறது. ஒரு மவுஸ் எப்படி வேலை செய்கிறது என்று உயர்தர மாணவர் ஒருவருக்குக் காட்ட இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

ஆனால் சனசமூக நிலையத்தின் மேசைக்கு வரும்போது பழைய குறை திரும்பி வருகிறது: இதுவும் பந்து மவுஸ்தான். செய்து முடித்தபின் உடைந்தால், இன்னொரு பந்து மவுஸைத் தேடி, இன்னொரு முறை எல்லாவற்றையும் செய்ய வேண்டும். ஒவ்வொரு மவுஸின் உட்பலகையும் வேறு வேறு. இரண்டாம் முறை திருத்துவது முதல் முறையைப் போலவே கடினம்.

வெளிநாட்டில் செய்த யூ.எஸ்.பி அடாப்டர்

பழைய கணினிப் பிரியர்களுக்கென்றே இப்போது ஆயத்த அடாப்டர்கள் விற்கிறார்கள். போலந்தில் செய்யப்படும் மவுஸ்டர், சாதாரண யூ.எஸ்.பி மவுஸை அமிகா, அற்றாரி எஸ்.ரி, கொமடோர் 64 ஆகியவற்றில் ஓட்டும். மைக்ரோமிஸ் என்பது ஜேர்மன் தயாரிப்பு, அது பி.எஸ்/2 மவுஸை ஏற்கும். ஸ்மோலிமவுஸ் 2 என்பதன் வரைபடமும் நிரலும் திறந்தவை. யாரும் பார்த்துச் செய்யலாம். மவுஸ்டரும் ஸ்மோலிமவுஸும் யூ.எஸ்.பி மவுஸை ஏற்பதால், மவுஸ் கெட்டால் எந்த ஊர்க் கடையிலும் புதிது வாங்கிச் செருகிவிடலாம். ஒளியுணர் மவுஸ், பந்தும் இல்லை, உருளையும் இல்லை. நான் தேடும் குணம் இதுவே.

இங்கே தடை, கையில் வந்து சேர்வதுதான். பொருளின் விலையோடு அனுப்புக் கூலி சேரும், சுங்கம் சேரும், காத்திருப்பு சேரும். ஆடி, ஆவணியில் ஊருக்கு வரும் உறவினர் ஒருவரிடம் சொல்லிவிடுவதே இதற்கு நல்ல வழி. பையின் மூலையில் அடங்கிவிடும். சொல்லும்போது "அமிகா 500க்கு" என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். இன்னொரு தடை, அடாப்டரே கெட்டால் இங்கே திருத்த முடியாது. அடுத்த ஆவணி வரை மேசை சும்மா கிடக்கும்.

வாங்கினால் மவுஸின் அடியில் ஒட்டியிருக்கும் துண்டையும் வாசியுங்கள். யூ.எஸ்.பி விதிப்படி ஒரு சாதனம் தொடக்கத்தில் 100 மில்லி அம்பியர் வரையும், கணினியின் அனுமதி பெற்றபின் 500 வரையும் எடுக்கலாம். அமிகாவின் 7ஆம் ஊசி அவ்வளவு பசிக்குச் செய்யப்பட்டதல்ல. 5 வோல்ட், 100 மில்லி அம்பியர் அல்லது அதற்குக் குறைவு என்று எழுதிய எளிய மவுஸை எடுங்கள். நிறநிறமாக ஒளிரும் விளையாட்டு மவுஸ்கள் வேண்டவே வேண்டாம்.

இங்கேயே செய்யும் அடாப்டர்

என் வாக்கு இதற்குத்தான். ஆர்டுயினோ நனோ என்பது தீப்பெட்டிக்குள் அடங்கும் ஒரு சிறு பலகை. 16 மெகா ஹேர்ட்ஸ் வேகத்தில் 5 வோல்ட்டில் ஓடும் ஏ.ரி.மெகா 328 சில்லு அதில் இருக்கிறது. அமிகாவும் 5 வோல்ட், பி.எஸ்/2 மவுஸும் 5 வோல்ட் என்பதால் இடையில் வேறு எதுவும் தேவையில்லை. 3.3 வோல்ட்டில் ஓடும் ராஸ்பெரி பை பிக்கோவையும் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். யூ.எஸ்.பி மவுஸையே அது நேரே ஏற்கும் என்பது உண்மை. ஆனால் 5 வோல்ட்டை 3.3க்கு இறக்கும் பகுதி ஒன்று கூடவே வேண்டும். முதல் முறை செய்பவருக்கு நனோவே இலகு.

பி.எஸ்/2 பிளக்கின் ஆறு ஊசிகளில் நான்கு மட்டும் வேலை செய்கின்றன: 1 தரவு, 3 தரை, 4 மின்சாரம், 5 கடிகாரம். நனோ மவுஸிடம் இருந்து அசைவை எண்ணாக வாங்கி, அதை அமிகாவுக்குப் பழக்கமான நான்கு வயர்த் துடிப்பாக மாற்றிக் கொடுக்கும். மின்சாரம் வந்ததும் மவுஸ் தன்னைத் தானே சோதித்துவிட்டுக் காத்திருக்கும். "அனுப்பு" என்ற கட்டளையை நனோ கொடுத்த பிறகே அசைவைச் சொல்லத் தொடங்கும். இதற்கான திறந்த நிரல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

வேகம் முதலாவது. பி.எஸ்/2 மவுஸுக்கு மில்லிமீற்றருக்கு 1, 2, 4, 8 படி என்று கட்டளையால் சொல்லலாம். 8 என்பது அங்குலத்துக்கு ஏறத்தாழ 200. அமிகாவின் பழைய மவுஸுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. நிரல் இதைக் கேட்டு வாங்குகிறதா என்று பாருங்கள். அடுத்தது, துடிப்புகளைப் பரப்பி அனுப்புவது. மவுஸ் வினாடிக்கு 100 தடவை செய்தி தரும். ஒரு செய்தியில் வந்த முப்பது படியையும் ஒரே மூச்சில் கொட்டினால் அம்பு தத்தித் தத்திப் போகும். அவற்றை அடுத்த செய்தி வரும்வரையான இடைவெளியில் சீராகப் பிரித்துவிடும் நிரலில்தான் வளைகோடு வளைகோடாக வரும். படம் கீறும் பிள்ளைக்கு இந்த ஒன்றே எல்லாம். மூன்றாவது, பொத்தான் வயர்களை நனோ ஒருபோதும் 5 வோல்ட்டுக்குத் தள்ளக் கூடாது. அழுத்தும்போது தரைக்கு இழுக்க வேண்டும், மற்ற நேரம் கையை எடுத்துவிட வேண்டும். அமிகாவின் அந்த வயர் வெளியீடாகவும் மாறக்கூடியது. இரண்டு பக்கமும் எதிரெதிராகத் தள்ளினால் சில்லுக்குச் சேதம்.

நிரலை ஏற்றும்போது நனோவை அமிகாவில் இருந்து கழற்றிவிடுங்கள். மடிக்கணினியின் 5 வோல்ட்டும் அமிகாவின் 5 வோல்ட்டும் ஒரே வயரில் சந்திக்க வேண்டாம்.

பி.எஸ்/2 மவுஸ் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானது. புதுக் கடைகளில் அருகிவிட்டது. பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் ஒதுக்கிய மேசைக் கணினிகளோடு இன்னும் இருக்கிறது. அரச சொத்தை யாரும் சும்மா எடுத்துக்கொடுக்க முடியாது; பொருட்கணக்கெடுப்பு முடிந்து ஏலத்துக்கு வரும்போது வாங்கலாம், அல்லது அப்படி வாங்கிய பழுதுபார்க்கும் கடைகளில் கேட்கலாம். இதற்கு மேல் ஒரு வாசலும் திறந்திருக்கிறது. யூ.எஸ்.பி மவுஸ்களில் சில பி.எஸ்/2 மொழியும் பேசும். அவற்றோடு முன்பு தந்த பச்சை நிற அடாப்டருக்குள் சில்லு எதுவும் கிடையாது, வெறும் வயர் மாற்றம்தான்: யூ.எஸ்.பியின் டி பிளஸ் வயர் கடிகாரத்துக்கு, டி மைனஸ் வயர் தரவுக்கு. பி.எஸ்/2 துளை உள்ள பழைய மேசைக் கணினி ஒன்றை நிறுத்திவிட்டு, பச்சை அடாப்டர் வழியாக யூ.எஸ்.பி மவுஸைச் செருகி, மீண்டும் இயக்கிப் பாருங்கள். அம்பு அசைந்தால் அந்த மவுஸ் நனோவோடும் ஓடும். கடைக்குப் போகும்போது அத்தகைய கணினி அங்கேயே இருந்தால் கேட்டு, அங்கேயே சோதித்து வாங்குங்கள்.

இரண்டாம் முறை பழுதானால்? மவுஸ் கெட்டால் மவுஸை மாற்றலாம். நனோ கெட்டால் இன்னொரு நனோவில் அதே நிரலை ஏற்றலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன, நனோவைக் கையில் எடுத்துப் பழகிய மாணவரை அந்தப் பக்கம் கண்டுபிடிப்பது கடினமல்ல. உதிரிப் பாகம் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். முதல் முறை செய்ய ஒருவருக்குப் பொறுமையான ஒரு வார இறுதி வேண்டும். அதுதான் இதன் உண்மையான விலை.

ஒன்பது துளைப் பிளக் வாங்கும்போது அகலமான உறையைத் தவிர்த்துவிடுங்கள். கணினி சீரியல் வயர்களுக்கான உறைகளில் இரு பக்கமும் நீளும் திருகுகள் அமிகாவின் ஓட்டில் முட்டலாம்; பக்கத்துச் சொக்கெற்றையும் மறைக்கலாம்.

எமுலேற்றர் போதாதா?

மடிக்கணினியில் அமிகாவைப் போலி செய்யும் மென்பொருளை நிறுவினால் எந்த மவுஸும் ஓடும் என்று சபையில் ஒரு தம்பி சொன்னார். உண்மைதான். மடிக்கணினி தாராளமாக உள்ள வீட்டில் அது போதும். இங்கே கணினி ஏற்கெனவே வந்துவிட்டது, மடிக்கணினிதான் இல்லை. இருக்கிற கணினியின் மவுஸைச் சரிசெய்வது மலிவு.

சபைக்குச் சொன்னது

வீட்டில் ஒரு அமிகா, கையில் வேலை தெரியாது, ஆவணியில் வர ஒரு சித்தப்பாவோ மாமியோ இருக்கிறார் என்றால், யூ.எஸ்.பி அடாப்டரைச் சொல்லி அனுப்புங்கள்; யோசிக்கத் தேவையில்லை. இலத்திரனியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பழைய பந்து மவுஸ் ஒன்றையும் எல்.எம்.339 ஒன்றையும் கொடுத்துப் பாருங்கள். அற்றாரி எஸ்.ரி வைத்திருப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். அமிகாவுக்குச் செய்த வயரில் 1ஐயும் 4ஐயும் இடம் மாற்றினால் போதும். கொமடோர் 64 வேறு கதை. அதன் 1351 மவுஸ் ஒலிச் சில்லின் அனலொக் வாயில் வழியாகப் பேசுவதால் அமிகா மவுஸை அதில் செருகிப் பயனில்லை.

விசுவமடு நிலையத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் இருப்பவை: நனோ இரண்டு, ஒடுக்கமான உறையோடு ஒன்பது துளைப் பிளக் இரண்டு, பி.எஸ்/2 நீட்டிப்பு வயர் ஒன்று, சோதித்த ஒளியுணர் மவுஸ் இரண்டு, மேசைக்கு மங்கலான ஒரு விரிப்பு. இரண்டாவது நனோவிலும் நிரலை இப்போதே ஏற்றி, முதலாவதைப் போலவே வயர் பிடித்து, வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு அலுமாரியில் வைக்க வேண்டும் என்று அடிக்கோடிட்டிருக்கிறேன். திருத்திய பழைய மவுஸும் அதே தட்டில் இருக்கும். ஊசிகளின் ஒழுங்கை எழுதிய தாளை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.